அரிசிப் பானைக்கு அடியில் 23 பத்திரிகைகள்

கேள்வி:

வணக்கம் ஐயா. பேராவூரணி பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மொய் விருந்துதான் கதை, அதாவது விருந்து வைத்து மொய் வாங்கிக்கொண்டு, மொய் எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்கிற வழக்கம். பையன் ஏழாவது படிக்கிறான். அவன் அப்பா 2017 ஆடியில் நாலு பேரோடு சேர்ந்து மொய் விருந்து வைத்ததில் 6,40,000 ரூபாய் மொய் விழுகிறது. போர் போடுகிறார், தங்கைக்குச் சீர் செய்கிறார், மிச்சத்தைத் தென்னந்தோப்பில் போடுகிறார். அடுத்த வருஷம் கஜா புயலில் தோப்பு சாய்கிறது. அப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார். அதற்கடுத்த ஆடியில் வரிசையாக வருகிற மொய் விருந்துப் பத்திரிகைகளை அம்மா பிள்ளைகள் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள், மொத்தம் 23. பையன் கண்டுபிடிக்கிறான். கடைசியில் டிவி வினாடி வினாவில் 5 லட்சம் ஜெயித்துக் கடனை அடைக்கிறான்.

படித்துப் பார்த்த பெரியவர்கள் இரண்டு பேர், “சிறுவர் கதையில எதுக்கு டீச்சர் கடன், வட்டி, அடகு? பிள்ளைங்க மனசு வாடிப் போயிடும். பேசுற கிளி ஏதாவது போடுங்க” என்றார்கள். ஆறாவது படிக்கும் என் மகன், “கதை நல்லாருக்கும்மா, கடைசி மட்டும் பொய்” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் சொல்லலாம்? கைப்பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மகன் பேச்சைக் கேளுங்கள். இதோடு முடித்துக்கொள்ளலாம், அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் 140 பக்கத்தைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு ஒரு வரிப் பதிலை வாங்கிக்கொள்ள யாருக்கும் மனசு ஒப்பாது. அதனால் நீட்டியே சொல்கிறேன், நடுநடுவே கொஞ்சம் கடுமையாகவும் இருக்கும். இருபது வருஷமாகச் சிறுவர் புத்தகங்களுக்குச் செம்மை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கிளி. எனக்குக் கிளியோடு பகை எதுவும் இல்லை, நல்ல கிளிக் கதைகள் நாலைந்துக்கு நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் பணம் இல்லாதது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்களே, கிளி பேசுவதைவிடப் பெரிய மாயாஜாலம் அதுதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் சைக்கிளில் தண்டல்காரர் ஒருவர் வருவார், கேரியரில் நீளமான ஒரு நோட்டு, காதில் பேனா. அவர் மணியடித்தால் நான் வாசலுக்குப் போய் “அப்பா ஊர்ல இல்ல” என்று சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த வேலை அது. ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால் அப்பாவின் செருப்பு வாசல்படியிலேயே கிடக்கிறது. அவரும் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். “சரி தம்பி, அப்பா வந்ததும் நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு” என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கடன் எவ்வளவு, எதற்கு வாங்கியது, எத்தனை நாள் பாக்கி, ஒன்றுமே எனக்குத் தெரியாது. செருப்பு மட்டும் இன்றைக்கும் கண்ணுக்குள் கிடக்கிறது. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், கேட்க வேண்டாம், சங்கடப்படுவார்கள், சும்மா முகங்களைப் பாருங்கள். குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும்போது “அம்மா வீட்ல இல்ல” என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பண விஷயத்தில் வீடு அவர்களுக்குக் கொடுத்த முதல் பொறுப்பே ஒரு பொய். அந்தப் பிள்ளைகளிடம் போய் மனசு வாடிவிடும் என்று கிளியை நீட்டினால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயம், சும்மா சொல்கிறேன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா உங்களுக்குப் பக்கத்து மாவட்டம், புதுக்கோட்டை ராயவரத்துக்காரர். பிழைப்புக்கு இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். வங்கிப் பேரேடும் பிள்ளைப் பாட்டும் ஒரே மனிதரின் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. உங்களிடம் கிளி கேட்ட பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

அதனால் கடன் இருக்கட்டும், வட்டி இருக்கட்டும், அடகும் இருக்கட்டும். என் கேள்வி எல்லாம் அந்தப் பையன் கையில் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான்.

பன்னிரண்டு வயதுப் பையன் கையில் 5 லட்சத்தைக் கொடுத்து அப்பா கடனை அடைக்க வைக்கிறீர்கள். புதையல் கதைதான் இது, குகைக்குப் பதில் டிவி ஸ்டுடியோ. படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுத் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கும். அங்கே போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அப்போது அதற்கு என்ன தோன்றும்? அவன் கெட்டிக்காரன், குடும்பத்தைக் காப்பாற்றினான், நான் மக்கு, என்னால் முடியவில்லை என்றுதான் தோன்றும். மனசு வாடுகிற இடம் அதுதான் டீச்சர், கடனைப் பற்றிப் படிப்பதால் ஒருத்தரும் வாடுவதில்லை. உங்கள் மகன் ‘பொய்’ என்று சொன்னது, அவனுக்கே தெரியாமல், இந்த அநியாயத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புயல் முடிந்து நாலாம் நாள், நனைந்துபோன மொய் நோட்டைப் பையன் பக்கம் பக்கமாகப் பிரித்து, திண்ணையில் வெயில் படுகிற இடத்தில் காய வைக்கிறான், பறக்காமல் இருக்க ஒவ்வொரு தாள் மேலும் ஒரு தென்னங்குரும்பை. மை ஊறிப் பாதிப் பெயர்கள் நீலக் கறையாகிவிட்டன. இதை எட்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்தில் டிவி போட்டி விளம்பரத்துக்குப் போய்விட்டீர்கள்! குரும்பை வைக்கத் தெரிந்த உங்களுக்கு நாவல் அந்தத் திண்ணையில்தான் கிடக்கிறது என்பது எப்படித் தெரியாமல் போனது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொய் நோட்டு நனைந்தால் நம் வீட்டுக் கணக்குதான் போகும், ஊர்க் கணக்கு போகாது. நமக்கு மொய் எழுதியவர்கள் அத்தனை பேர் வீட்டிலும், இன்னாருக்கு இவ்வளவு செய்தோம் என்று அவரவர் நோட்டில் இருக்குமே. உங்கள் பக்கத்தில் சின்ன வீட்டில்கூட அதை வைக்காமல் இருக்கமாட்டார்கள் என்று நீங்களே இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள், பத்திரத்தோடு பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற அப்பத்தாவைக்கூடக் காட்டிவிட்டீர்கள். அப்படியானால் அழிந்த நோட்டைத் திருப்பி எழுதலாம். வீடு வீடாகப் போக வேண்டும், கேட்க வேண்டும், ஒரு புது நோட்டில் ஏற்ற வேண்டும். அதற்கு நல்ல கையெழுத்தும், சைக்கிளும், கூட்டல் கணக்கும், கொஞ்சம் தைரியமும் போதும். பன்னிரண்டு வயதுக்கு இவை நாலும் உண்டு, 5 லட்சம் கிடையாது.

மொய்யில் இருக்கிற இன்னொரு சங்கதி உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததாலேயே கைப்பிரதியில் ஓரிடத்திலும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சேலத்துப் பிள்ளையோ நாகர்கோவில் பிள்ளையோ படித்தால் 6,40,000 ரூபாயும் கடன் என்றுதான் நினைக்கும். அப்படி இல்லையே. அதில் ஒரு பங்கு, இவன் அப்பா அதற்கு முன்னால் பல வருஷமாக மற்றவர்கள் விருந்தில் எழுதிய மொய், அது திரும்பி வந்திருக்கிறது. புதுநடையாக, அதாவது இவர் முன்பு எழுதியதற்கு மேல் புதிதாக, விழுந்தது மட்டும்தான் இவர்கள் இனித் திருப்பிச் செய்ய வேண்டியது. பையனுக்கும் முதலில் இது தெரியாமல் இருக்கட்டும். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் என்ற எண்ணைச் சுமந்துகொண்டு ராத்திரி தூங்காமல் புரளட்டும். அப்புறம் வீடு வீடாகப் போகிறான். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டில் பழைய நோட்டைப் புரட்டி, “உங்கப்பா எங்க விருந்துக்கு 2,000 எழுதியிருக்காருடா, நாங்க 2017-ல உங்களுக்கு 5,000 எழுதினோம்” என்கிறார்கள். அப்போது பாக்கி ஐயாயிரம் இல்லை, மூவாயிரம். வடகாட்டில் இன்னொரு வீடு. அங்கே 1,500. கீரமங்கலத்தில் ஒன்று. போகப் போக அந்த ஆறு லட்சத்து நாற்பது கரைகிறது. நாலு லட்சத்து முப்பதில் வந்து நின்றால்கூடப் போதும் (உங்கள் கதைக்கு ஏற்ற எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்), கடன் ஒரு ரூபாய்கூட அடையாமலே பிள்ளைக்கு மூச்சு வந்துவிடும். இதற்குப் பரிசுப் பணம் எதற்கு? கணக்குத் தெரிந்தால் போதும்.

நான் இந்தக் கைப்பிரதியில் ரொம்ப ஆசைப்படுகிற இடம் இனிமேல்தான். அந்த வீடுகளில் எல்லாம் பையன் பார்க்கப்போவது அப்பாவின் பெயரை. திருப்பூருக்கு ஓடிப்போனவர், பேசாதவர், தோற்றுப்போனவர் என்று அவன் மனசில் இருக்கிற ஆள், 2009-ல் ஒரு விதவை வைத்த விருந்தில் வசதிக்கு மீறி மொய் எழுதியிருக்கிறார், 2012-ல் வீடு எரிந்துபோன ஒருவருக்கு எழுதியிருக்கிறார், யாரோ ஒருத்தரின் நோட்டில், யாரோ ஒருத்தரின் கையெழுத்தில், ஊர் பெயரோடும் தன் அப்பா பெயரோடும் அவர் இருக்கிறார். மொய் முதலில் எதற்காக வந்தது என்பதை ஏழாம் அத்தியாயத்தில் தலைமையாசிரியர் வாயால் ஒன்றரைப் பக்கம் பேச வைத்திருக்கிறீர்களே, அதை அப்படியே எடுத்துவிடுங்கள். நோட்டுகளே சொல்லிவிடும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு, நாவலுக்குள்ளும் வெளியிலும் என் பதில் ஒன்றுதான்: எவ்வளவு பாக்கி, யாருக்கு, எதனால் வந்தது, என்ன செய்யப்போகிறோம், இதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். அடைக்கிற வேலையை மட்டும் அவன் தலையில் வைக்கக்கூடாது. அம்மாவை வைத்து ஒரு பக்கத்துக்குச் சிக்கன உபதேசம் செய்ய வைத்திருக்கிறீர்கள், அதுவும் வேண்டாம். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, “கொத்தமங்கலம் மூவாயிரம். வடகாடு ஆயிரத்தைநூறு. உங்க சித்தப்பா பாக்கி பெருசு, அது அப்பா வந்து பேசிக்கட்டும்” என்று சொல்லட்டும். பிள்ளையைப் பெரிய மனுஷனாக மதிக்கிற பேச்சு அது. இத்தனை நாளும் அவள் சொல்லிவந்த “உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி” அங்கே தானாக உடைந்துவிடும், நீங்கள் உடைத்துக் காட்ட வேண்டியதில்லை. ஒன்று, அம்மாவைக் கெட்டவள் ஆக்கிவிடாதீர்கள், நாலாம் அத்தியாயத்தில் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஒளித்தவளும் பயந்துபோய்த்தான் ஒளித்தாள்.

ஒளித்த இடத்தைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டும் உங்களோடு.

பத்திரிகைகள் அரிசிப் பானைக்கு அடியில் இருக்கின்றன. சரி. அந்த வீட்டில் அம்மா காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். சோறு வடிப்பது பத்தாவது படிக்கிற அக்கா. அந்தப் பானையில் தினமும் அரிசி அள்ளுகிறவள் அவள், மாசத்துக்கு ஒருமுறை ரேஷன் அரிசி வந்ததும் பானையை நகர்த்தித் துடைக்கிறவளும் அவள். 23 பத்திரிகையும் அவளுக்குத் தெரியாமல் பையனுக்குத் தெரிந்ததாம்! டீச்சர், அவளுக்கு முதல் பத்திரிகையிலேயே தெரியும். தெரிந்துதான் டூர் பணம் கேட்கவில்லை. தெரிந்துதான் காதுத் தோடு அடகுக்குப் போனபோது “எனக்கு அது காது புண்ணாகுதும்மா” என்றாள். அந்த வரியை நீங்களே எழுதிவிட்டு, அதை ஒரு சாதாரணச் சிணுங்கலாக விட்டுவிட்டீர்கள். நம் வீடுகளில் இதுதானே நடக்கிறது? பையன் பொறுப்பாக ஒரு வேலை செய்தால் அது கதை, பொண்ணு வருஷம் முழுக்கச் செய்தால் அது வழக்கம். நாவலில் பையன் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த பெருமையோடு அக்காவிடம் ஓடிவந்து சொல்லும்போது, அவள் உலையைப் பார்த்துக்கொண்டே, “பதினேழு இருந்துச்சு, இப்ப எத்தனை?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த ஒரு கேள்வியில் அவன் கொஞ்சம் வளர்ந்துவிடுவான். படிக்கிற பையன்களும் கொஞ்சம் வளரலாம். வீடு வீடாகப் போகிற பயணத்தில் அவளையும் சைக்கிளில் ஏற்றுங்கள். அல்லது அவள் ஓட்டட்டும், அவன் பின்னால் உட்காரட்டும்.

இனி எண்கள். பணத்தைப் பற்றிய கதையில் எண் தப்பாக இருந்தால் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள், பெரியவர்கள் கவனிக்கவேமாட்டார்கள்.

அடகு: நகைக்கடையில் வாங்கிய மூன்று சவரன் சங்கிலியை 2018 டிசம்பரில் வங்கியில் வைத்து அம்மா ஒரு லட்சம் வாங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது சவரன் ஏறத்தாழ 24,000 ரூபாய். மூன்று சவரன் 72,000. அதில் முக்கால் பங்குக்கு மேல் வங்கி அன்றைக்குக் கொடுக்காது, ஆக 54,000-தான் தேறியிருக்கும். ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? பின்னால் ஏறிய தங்க விலையை மனசில் வைத்து எழுதிவிட்டீர்கள், எல்லோரும் செய்வதுதான்.

வட்டி: அம்மா, “மாதம் 3 சதவீத வட்டிக்கு 50,000 வாங்கியிருக்கிறேன்” என்கிறாள். எந்த ஊர் அம்மா இப்படிப் பேசுவாள்? “மூணு வட்டிக்கு அம்பதாயிரம்” என்பாள். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தனிவட்டிப் பாடம் இருக்கிறது, அங்கே எல்லாமே ஆண்டுக்கு 8 சதவீதம், 10 சதவீதம் என்றுதான் வரும். வீட்டிலோ நூற்றுக்கு மாசம் மூணு ரூபாய். இரண்டும் ஒரே சமாச்சாரம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. உங்கள் பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்க்கட்டும்: மாசம் 1,500, வருஷம் 18,000, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர் தெரியாத மனிதர்கள் எல்லாம் 8 சதவீதத்துக்குக் கடன் வாங்கும்போது அம்மா மட்டும் ஏன் 36-க்கு வாங்கினாள் என்று அவனுக்குத் தோன்றினால் போதும். பதில் சொல்லாதீர்கள். கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இந்தக் காட்சியை விட்டது எனக்கு ஆச்சரியம்தான்.

தோப்பு: இங்கே நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை, காற்றின் சத்தம், விடிந்ததும் வானம் திடீரென்று அகலமாகத் தெரிவது, எல்லாம் பிரமாதம். நஷ்ட ஈடு மட்டும் ‘அரசு கொஞ்சம் பணம் கொடுத்தது’ என்று போய்விட்டது. பிள்ளைகளுக்குக் ‘கொஞ்சம்’ பிடிக்காது. ஒரு தென்னை மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500. உங்கள் கதையில் இரண்டு ஏக்கர், 140 மரம், சாய்ந்தது 112. பையன் பெருக்கட்டும்: 1,23,200. பெரிய தொகையாகத் தெரியும், ஒரு நிமிஷம் குதிப்பான். அப்புறம் அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லட்டும், இன்றைக்கு வைக்கிற நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்று. ஏழாவது படிக்கிறவன் நடுகிற கன்று, அவன் காலேஜ் போகும்போதுதான் பாளை விடும். அதற்கப்புறம் இந்த 1,23,200-ஐ ஆறால் வகுக்கவும் அவனுக்குத் தெரியுமே.

பதினோராம் அத்தியாயத்தில் வட்டிக்காரர் பையனை வழிமறித்து, “அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையிலதான்டா” என்கிறார். நல்ல மிரட்டல், இருக்கட்டும். ஆனால் அதை யாருமே மறுக்காமல் விட்டதால் நாவலே அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, பரிசுப் பணத்தில் அவன் கடனை அடைத்ததும் அது நிரூபணமும் ஆகிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் வந்த திருத்தம், மகன் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா கடனை அவனிடம் கேட்கும் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அப்பா காலமாகிவிட்டால்கூட, அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கேட்க முடியும். இங்கே அப்பா உயிரோடு திருப்பூரில் இருக்கிறார், பையனோ மைனர். யாராவது ஒருத்தர், தபால்காரரோ ரேஷன் கடை அண்ணனோ, போகிற போக்கில், “உன்கிட்ட கேக்க அவருக்கு ரூல்ஸே கிடையாதுடா” என்று சொல்லிவிட்டுப் போகட்டும். படிக்கிற ஏதோ ஒரு பிள்ளை அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கும். மொய் வேறு, அதற்குப் பத்திரமும் இல்லை, யாரும் கோர்ட்டுக்கும் போவதில்லை, மானத்தை வைத்தே வசூலாகிற பணம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பையன் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதுதான் பின்பாதி சுவாரசியமே.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பத்து நாள் கயிறு ஆலைக்குப் போய் 2,000 சம்பாதிக்கிறானே, அந்த அத்தியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. 14 வயதுக்குக் கீழே அது சட்டப்படிக் குற்றம், சொந்த வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விதிவிலக்கு உண்டு, அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருந்தால். நீங்கள் அதை வீரச் செயல் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அம்மாகூடப் பெருமைப்படுகிறாள். ஒரு டீச்சர் எழுதுகிற வரியா அது? வேண்டுமானால் முதல் நாளே அக்கா போய்க் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வரட்டும்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். எழுதப்போவது நீங்கள், நான் அதிகம் மூக்கை நுழைக்கக்கூடாது. ஆனால் 23 பேருக்கும் அந்த ஆடியிலேயே செய்து முடித்துவிட்டதாகக் காட்டாதீர்கள். ஒன்பது பேருக்குச் செய்ய முடிகிறது, மற்ற வீடுகளுக்கு அம்மாவே நேரில் போய் அடுத்த வருஷம் செய்கிறோம் என்று சொல்கிறாள், சிலர் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள், சிலர் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கஜாவுக்கு அப்புறம் உங்கள் பக்கத்தில் மொய் எவ்வளவு சுருங்கியது என்று உங்களுக்கே தெரியும், எல்லா வீட்டிலும் தோப்பு சாய்ந்திருந்ததால் கேட்கிறவர்களுக்கும் கொடுக்க முடியாதவர்களின் நிலைமை தெரிந்தே இருந்தது. அதை எழுதுங்கள், வில்லன் இல்லாமலே கஷ்டம் இருக்க முடியும் என்பது பிள்ளைகளுக்குப் புதுசாக இருக்கும். அப்புறம் திருப்பூருக்கு ஒரு போன். பையன் புது நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கணக்காக வாசிக்கிறான், பாக்கியை மட்டுமில்லை, அப்பா மற்றவர்களுக்கு எழுதியதையும் சேர்த்து. அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த மாதிரி ஏதோ ஒன்று. அவர் ஊருக்குத் திரும்பி வருகிறாரா என்பதை நான் கேட்கமாட்டேன், உங்கள் மகன் கேட்டால் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளம் 140 பக்கம், டிவி அத்தியாயங்கள் மூன்றும் போனால் 110-க்கு வந்துவிடும், இந்த வயதுக்கு அதுவே நிறைவான அளவு. தலைப்பாக ‘பொறுப்பான பிள்ளை’ என்று வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கையில் எடுக்கவேமாட்டார்கள், பெரியவர்கள் வாங்கிப் பரிசளிப்பார்கள், அது அலமாரியில் இருக்கும். மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னது. மூன்றாம் அத்தியாயத்தில், 2017 ஆடி மொய் விருந்து முடிந்த ராத்திரி, கறிச்சோறு வாசம் போகாத பந்தலில் அப்பா பணம் எண்ணுகிறார், பையன் மஞ்சள் நிற இருநூறு ரூபாய் நோட்டுகளைத் தனியாக அடுக்குகிறான். அழகான காட்சி. ஆனால் இருநூறு ரூபாய் நோட்டு வெளியானதே 2017 ஆகஸ்ட் 25-ஆம் தேதிதான், ஆவணி பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்று விருந்தை ஆவணிக் கடைசிக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் அவன் கையில் நூறு ரூபாய்க் கட்டைக் கொடுங்கள்.